உங்க தெரு வேலைய சென்னை மாநகராட்சி பட்ஜெட்டுக்குள்ள கொண்டு போறது எப்படி?

மழை பெஞ்சா தெருவுல தண்ணி நிக்குது, மாநகராட்சியோட புகார் நம்பர் 1913-க்கு போன் போடுறீங்க, ஆளு வந்து மோட்டார் வெச்சு தண்ணிய எடுத்துட்டு போயிடுறாங்க, அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. அவங்க வேலை செய்யலன்னு சொல்ல முடியாது, நீங்க குடுத்தது கம்ப்ளைன்ட், அதுக்கு என்ன செய்யணுமோ அத செஞ்சுட்டாங்க. அந்த இடத்துல புதுசா மழைநீர் வடிகால் கட்டணும்னா அது வேற சமாச்சாரம், அதுக்கு எஸ்டிமேட் போடணும், பணம் ஒதுக்கணும், அந்த வழியே தனி.

முதல்ல யாரு பாக்கெட்லேர்ந்து காசு வரணும்னு தெரிஞ்சுக்கோங்க, பாதி மனு இங்கயே அடிபட்டு போகுது. சென்னையில குடிநீரும் பாதாள சாக்கடையும் குடிநீர் வாரியம், அதுக்கு தனி பட்ஜெட். பஸ் விட சொல்லணும்னா எம்டிசி. டிரான்ஸ்ஃபார்மர்னா மின்வாரியம். சில பெரிய ரோடுங்க நெடுஞ்சாலைத்துறையோடது. மழைநீர் வடிகால், உள்தெரு ரோடு, தெருவிளக்கு, பார்க், குப்பை, மாநகராட்சி ஸ்கூல், பொதுக் கழிப்பறை, இதெல்லாம்தான் மாநகராட்சி. தெருவுல ஓடுறது சாக்கடை தண்ணியா மழைத்தண்ணியான்னு பாக்காம ஒரே பேப்பர்ல ரெண்டையும் எழுதி குடுத்தா, ரெண்டு ஆபீஸும் மாத்தி மாத்தி கைய காட்டுவாங்க.

அடுத்தது நேரம். நிதியாண்டு ஏப்ரல்ல ஆரம்பிக்குது, பட்ஜெட் வழக்கமா பிப்ரவரி மார்ச் வாக்குல மன்றத்துக்கு வரும், ஆனா என்னென்ன வேலைங்கிற பட்டியல் அதுக்கு ரொம்ப முன்னாடியே வார்டு, மண்டலம், டிபார்ட்மென்ட்னு மேல ஏற ஆரம்பிச்சிடும். பட்ஜெட் தாக்கல் பண்ற வாரத்துல மனு கொண்டு போறது பந்தி முடிஞ்சு இலைய எடுக்குற நேரத்துல போய் உக்கார்ற மாதிரிதான்.

இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியறதே இல்ல. 2022-ல வந்த விதிப்படி ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில வார்டு கமிட்டி, அந்த வார்டையே சின்னச் சின்ன ஏரியாவா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஏரியா சபை. கிராமசபை மாதிரி நகரத்துக்கு. அந்த ஏரியாவுல ஓட்டு இருந்தா நீங்க அதுல உறுப்பினர், யாரும் கூப்பிடணும்னு அவசியமே இல்ல. வருஷத்துக்கு நாலு தேதி: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. பட்ஜெட்டுக்குன்னு பாத்தா செப்டம்பரும் டிசம்பரும்தான் முக்கியம், ஜனவரியில சொன்னா அந்த வருஷத்துக்கு லேட்டு, ஏப்ரல்ல சொன்னா பட்ஜெட்டே முடிஞ்சிருக்கும், ஆனா அறிவிச்சது எப்ப ஆரம்பிக்கும்னு கேக்க அதுதான் சரியான நாள். எங்க நடக்குதுன்னு ஒரு வாரம் முன்னாடியே வார்டு ஆபீஸ்ல கேட்டு வெச்சுக்கோங்க, சில இடத்துல பேருக்கு நடத்தி போட்டோ எடுத்துட்டு கலைஞ்சிடுவாங்க. கவுன்சிலர் பொம்பளையா இருந்து அவங்க வீட்டுக்காரரு மைக்க பிடிச்சு பதில் சொல்ற கூத்தும் நடக்கும், அப்ப கேள்விய கவுன்சிலர பாத்தே கேளுங்க, ஜெயிச்சு வந்தது அவங்கதான்.

கூட்டத்துக்கு முன்னாடி தெருவுல பத்து பதினஞ்சு வீட்டுக்காரங்க உக்காந்து பேசிடுங்க, இருக்குறதுலயே கஷ்டமான வேலை இதுதான். ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க, ஒருத்தருக்கு வேகத்தடை, ஒருத்தருக்கு பார்க், ஒருத்தருக்கு நாய்த் தொல்லை. வேகத்தடை, நாய், எரியாத லைட் இதெல்லாம் கம்ப்ளைன்ட்ல முடியுற விஷயம், தனியா ஒதுக்கிடுங்க. மிச்சத்துல ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு, அதையும் வரிசைப்படுத்தி. இருபது ஐட்டம் எழுதி குடுத்தா எது ஈஸியோ, எதுல போர்டு வெச்சு திறப்பு விழா நடத்தலாமோ அதத்தான் எடுப்பாங்க, வரிசைய நீங்க முடிவு பண்ணலன்னா அவங்க முடிவு பண்ணிடுவாங்க.

மனு எழுதுறப்ப 'எங்கள் பகுதியில் அடிப்படை வசதிகள் இல்லை, ஆவன செய்யவும்'னு எழுதாதீங்க, அத வெச்சு எந்த இன்ஜினியராலயும் எஸ்டிமேட் போட முடியாது. இப்படி எழுதுங்க: '2-வது குறுக்குத் தெருவில் ரேஷன் கடையிலிருந்து மெயின் ரோடு வரை சுமார் 140 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் இல்லை. மெயின் ரோட்டில் வடிகால் உள்ளது, இணைப்பு மட்டும் தேவை. சுமார் 60 வீடுகள், ஒரு அங்கன்வாடி பாதிக்கப்படுகின்றன.' நீளத்த போன்ல மேப்ப திறந்தே அளந்துடலாம். கூடவே மழை அன்னிக்கு தேதியோட எடுத்த போட்டோ, அதுல வீட்டு கேட்டோ மின்பெட்டியோ தெரியணும், தண்ணி எவ்ளோ உயரம்னு அப்பத்தான் புரியும். 1913-ல பதிஞ்ச பழைய புகார் எண் எல்லாத்தையும் கீழ எழுதிடுங்க, ஒரே இடத்துக்கு வருஷா வருஷம் மோட்டார் அனுப்புற செலவு அவங்க கண்ணுல படட்டும். ரோடு கேக்குறீங்கன்னா பழைய லேயர சுரண்டி எடுத்துட்டு போடணும்னு அதுலயே ஒரு வரி சேருங்க, இல்லன்னா ரோடு ஏறிக்கிட்டே போயி வீடு பள்ளத்துக்கு போயிடும்.

மூணு காப்பி எடுங்க. ஒண்ணு கவுன்சிலருக்கு, ஒண்ணு வார்டு ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளர்), ஒண்ணு மண்டல அலுவலகத்துக்கு, மூணுலயும் சீல் வெச்ச ரசீது வாங்கிடுங்க. ஏ.இ.கிட்ட ஒரு நாள் நேர்ல வந்து பாக்க சொல்லி கேளுங்க, எஸ்டிமேட் போடப் போறது அவருதான். ஏரியா சபையில பேசிட்டு மட்டும் வந்துடாதீங்க, உங்க கோரிக்கை மினிட்ஸ்ல, அதாவது கூட்டத்துல பேசுனத எழுதி வெக்கிற பதிவுல, ஏறிச்சான்னு பாத்துட்டு வாங்க, வாயால சொன்னதுக்கு அப்புறம் சாட்சி கிடையாது.

இப்ப கசப்பான பகுதி. மாநகராட்சி வரவுல முதல்ல சம்பளம், பென்ஷன், குப்பை அள்ளுற செலவு, கடன் தவணை போயிடும். பெரிய தொகைக்கெல்லாம் ஏற்கனவே பேரு எழுதியாச்சு, உதாரணமா வடசென்னையில கொசஸ்தலையாறு பகுதி வடிகால் ஆசிய வளர்ச்சி வங்கி கடன்ல எடுத்த திட்டம், அந்தக் காச உங்க தெருவுக்கு திருப்ப முடியாது. ஆனா உங்க தெரு அந்த மாதிரி ஒரு திட்டத்தோட எல்லைக்குள்ள வருதான்னு கேக்கலாம், வந்தா லாட்டரிதான். சின்ன வேலைன்னா கவுன்சிலரோட வார்டு மேம்பாட்டு நிதி இருக்கு, 2022-ல 35 லட்சமா ஏத்துனாங்க, அதுக்கப்புறமும் ஏத்தியிருக்காங்க, இருந்தாலும் ஒரு வார்டுல எத்தனை தெரு இருக்குன்னு யோசிச்சு பாருங்க. அங்கயும் இடம் இல்லன்னா எம்எல்ஏ நிதி, வருஷத்துக்கு 3 கோடி, மொத்த தொகுதிக்கும். தெருக்காரங்க ஒரு பங்கு போட முடியும்னா நமக்கு நாமே திட்டத்தயும் கேட்டு பாருங்க, பார்க், ஸ்கூல் மாதிரி வேலைக்கு அது நல்லா ஒத்துவரும்.

புனேல 2006-லேர்ந்து மக்கள் வார்டு ஆபீஸ்ல ஃபார்ம் நிரப்பி குடுத்தே பட்ஜெட்டுக்கு வேலை சொல்றாங்க, இங்கயும் அப்படி ஒரு ஃபார்ம் வந்தா பாதி தலைவலி போயிடும்னு எனக்கு ஆசை.

பட்ஜெட் வந்ததும் பேப்பர்ல வர்ற அறிவிப்ப மட்டும் படிச்சு சந்தோஷப்படாதீங்க. பட்ஜெட் புத்தகத்துல ஒரே தலைப்புக்கு பழைய வருஷத்து கணக்கு, திருத்திய மதிப்பீடு, புது மதிப்பீடுன்னு பக்கத்து பக்கத்துல நம்பர் இருக்கும். போன தடவ நிறைய ஒதுக்கிட்டு திருத்துனதுல பாதியா குறைச்சிருந்தா, இந்த வருஷ நம்பரயும் அப்படியே நம்ப வேண்டாம். உங்க வேலை தனி வரியா வராது, 'மழைநீர் வடிகால் பணிகள்'னு மொத்தமா இருக்கும், அதுக்குள்ள உங்க தெரு இருக்கான்னு ஏ.இ.கிட்டயே கேளுங்க. சரியா பதில் வரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டணத்தோட மூணே கேள்வி போடுங்க: எஸ்டிமேட் போட்டாச்சா, நிர்வாக அனுமதி கிடைச்சுதா, டெண்டர் எப்போ. 30 நாள்ல பதில் வரணும், அத எடுத்துக்கிட்டு அடுத்த ஏரியா சபைக்கு போங்க.