உண்டியலின் முன்னிருந்து தொடங்குங்கள்: மதமும் அரசும் பற்றி வரலாறு படிக்கும் முறை

மதம் அரசியலுக்கு நல்லதா, கெட்டதா என்ற கேள்வியோடு வரலாற்றைத் திறக்காதீர்கள். அது பட்டிமன்றத்தில்தான் முடியும். அதற்குப் பதிலாக, சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலில் உண்டியல் திறக்கும் நாளில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சில்லறையைக் குவித்து, கசங்கிய தாள்களை நீவி அடுக்கி எண்ணுகிறவர்களுக்கு அருகில் அறநிலையத் துறை அலுவலர்கள் இருப்பார்கள். அம்மனுக்குப் போட்ட காணிக்கைக்கு அரசு கணக்குக் கேட்பது எப்போது தொடங்கியது என்பதை உங்கள் குறிப்பேட்டின் முதல் கேள்வியாக எழுதுங்கள்.

விடையைத் தேடினால் கிழக்கிந்தியக் கம்பெனி வரை போக வேண்டும். 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் சென்னை மாகாணக் கோயில் சொத்துகளைக் கம்பெனி தன் மேற்பார்வையில் வைத்தது. கிறித்தவ அரசு இந்துக் கோயில்களை நடத்துவதா என்று மிஷனரிகள் எதிர்த்ததால் பின்வாங்கியது. நீதிக்கட்சி ஆட்சியின் 1925ஆம் ஆண்டுச் சட்டம் மேற்பார்வைக்கு ஒரு வாரியத்தை அமைத்தது.

அடுத்து, குருமாரை யார் நியமிக்கிறார் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் ஆயர்களுக்குப் பதவியின் அடையாளமான மோதிரத்தையும் கோலையும் பேரரசரே வழங்கிவந்ததைப் போப் ஏழாம் கிரகோரி எதிர்த்தார். அவரால் சபை நீக்கம் செய்யப்பட்ட ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, 1077 ஜனவரியில் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாட்கள் மன்னிப்புக்காகக் காத்து நின்றார். 1122இல் வோர்ம்ஸ் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை, மோதிரமும் கோலும் திருச்சபைக்கு, நிலவுரிமையின் அடையாளமான செங்கோல் பேரரசருக்கு என்று பிரித்தது. இந்தச் சண்டையை நிதானமாகப் படியுங்கள். ஆயர்கள் பெரும் நிலக்கிழார்களாகவும் இருந்தார்கள் என்பதை விட்டுவிட்டால் எதுவும் விளங்காது.

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியைப் படிக்கும்போது திருமண முறிவோடு நிறுத்திவிடாமல், 1534இல் திருச்சபையின் தலைமையை ஏற்றவர் 1536 முதல் மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை எடுத்துக்கொண்டதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் உள்ளே வரலாம் என்பது மூன்றாவது கேள்வி. எனக்கு மிக முக்கியமானதும் இதுதான். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யருடன் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தபோது, அதற்குச் சட்டக் காப்பளித்தவர், ஒருகாலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த மாகாணப் பிரதமர் ராஜாஜி. பக்தர்கள் பலர் நெடுங்காலம் கேட்டும் திறக்காத கதவு அது.

கோயிலோடு நின்றுவிடாமல், கோட்டைப் பகுதியிலுள்ள ஜாமியா மசூதிக்கும் சென்று, நியமனம், வருமானம், நுழைவு ஆகிய மூன்றையும் பொறுப்பிலிருப்பவர்களிடம் மரியாதையோடு விசாரித்து, வக்ஃபு வாரியத்தின் பங்கையும் அதே குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.