எலும்புகளை உங்கள் உடலிலேயே தொட்டு எண்ணுவது எப்படி

எலும்புகளின் பெயர்களைப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்பவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே அவற்றை மறந்துவிடுகிறார்கள். தம் உடலில் தொட்டுப் பார்த்துப் படித்தவர்களுக்கு அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. இதற்கு ஒரே ஒரு முறை போதும். முதல் எலும்பிலிருந்து எண்ணத் தொடங்காமல், ஐயமின்றி விரலுக்குத் தட்டுப்படும் எலும்பை அடையாளமாகக் கொண்டு, அங்கிருந்து எண்ண வேண்டும்.

முதுகெலும்பில் அந்த அடையாளம் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. தலையை நன்றாகக் குனிந்தால், கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் ஒரு முண்டு புடைத்து நிற்பதை உணரலாம். சிலருக்கு இரண்டு முண்டுகள் அருகருகே தட்டுப்படும் என்பதால் எது ஏழாவது என்ற குழப்பம் வரும். அப்போது இரண்டின் மீதும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு, தலையை மெல்ல நிமிர்த்திப் பின்னால் சாய்க்கவும். ஆறாவது விரலுக்கடியிலிருந்து உள்ளே நழுவிவிடும், ஏழாவது பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அதற்குக் கீழே மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என முள்ளெலும்புகள் தொடர்கின்றன. நம் விரல் தொடுவது ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கி நீண்டிருக்கும் பின்முள்ளை மட்டுமே. மார்பின் நடுப்பகுதியில் இந்த முள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், அதன் நுனி அடுத்த முள்ளெலும்பின் மட்டத்திற்கு இறங்கிவிடுகிறது. எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க இரண்டு இடங்கள் உதவும். கைகளைத் தொங்கவிட்டு நிற்கையில் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை, மார்பு முள்ளெலும்புகளில் ஏழாவதன் மட்டத்தில் இருக்கும். இருபுற இடுப்பெலும்புகளின் உச்சிகளை இணைக்கும் கோடு, இடுப்பின் நான்காவது முள்ளெலும்பை ஒட்டிச் செல்லும். தண்டுவட நீர் எடுக்க ஊசி குத்தும் மருத்துவர்கள் தேடுவதும் இந்தக் கோட்டைத்தான். இதற்கும் கீழே திருவெலும்பில் 5, வாலெலும்பில் பெரும்பாலும் 4 எனப் பிறப்பில் தனித்தனியாக இருந்தவை வளர வளர ஒன்றிணைந்துவிடுவதால், 33 என்ற எண்ணிக்கை பெரியவர்களிடம் 26 ஆகிறது.

விலா எலும்புகளை எண்ணும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். முதல் விலா, கழுத்தடியில் குறுக்காக ஓடும் காறை எலும்பின் பின்னே மறைந்திருப்பதால், விரலுக்குத் தட்டுப்படுவதையே முதலாவது என்று கொண்டால் கணக்கு முழுவதும் ஒன்று பிசகிவிடும். தொண்டைக்குழியில் விரலை வைத்து, மார்பெலும்பின் மீது சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இறக்கினால் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கவாட்டில் வந்து சேர்வது இரண்டாவது விலா. அங்கிருந்து விரலைச் சற்று வெளிப்புறமாக நகர்த்திக்கொண்டு எண்ணவும். மார்பெலும்பை ஒட்டியுள்ள குருத்தெலும்புகள் கீழே போகப் போக நெருங்கிவிடுவதால் அங்கே எண்ணுவது கடினம். மொத்தம் 12 இணைகளில் முதல் 7 மார்பெலும்போடு நேரடியாகச் சேர்கின்றன. அடுத்த 3 தமக்கு மேலுள்ள குருத்தெலும்போடு சேர்கின்றன. கடைசி 2 முன்புறம் எதனோடும் சேராமல் முடிந்துவிடுகின்றன.

கையை மடக்கினால் துருத்தி நிற்கும் முழங்கை முனை, பலர் நினைப்பதுபோல் மேற்கை எலும்பு அன்று. அது முன்கையின் அல்னா எலும்பினுடையது. அதன் உட்புறமுள்ள குமிழ்தான் மேற்கை எலும்பின் பகுதி. அந்தக் குமிழின் பின்னால் ஓடும் நரம்பில் அடிபடும்போதுதான் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்கிறது. முழங்கை முனையிலிருந்து அல்னாவின் விளிம்பை மணிக்கட்டு வரை விடாமல் தடவிக்கொண்டே வரலாம். முன்கையின் மற்றோர் எலும்பான ரேடியஸோ மேற்பகுதியில் தசைக்குள் மறைந்து, மணிக்கட்டருகே அகன்று வெளிப்படும். நாடி பார்க்கும் இடம் இதன் மீதுதான் இருக்கிறது. மேல்நோக்கிய உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பினால் ரேடியஸ் அல்னாவைக் குறுக்கே கடந்து செல்கிறது. இதனால் குழப்பம் வந்தால், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருப்பது எப்போதும் ரேடியஸ் என்று நினைவில் கொள்ளவும்.

மணிக்கட்டில் சிறிய எலும்புகள் 8 உண்டு. எல்லாவற்றையும் விரலால் பிரித்தறிய முயல்வது வீண், இரண்டை மட்டும் உறுதியாகக் கண்டுகொண்டால் போதும். கட்டைவிரலை விறைப்பாக விரித்தால் அதன் அடியில், தசைநாண்களுக்கு இடையே ஒரு குழி விழும். அந்தக் குழியின் தரையாக அமைந்திருப்பது ஸ்கேஃபாய்டு. கையை ஊன்றி விழுந்தபின் இந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால், வெறும் சுளுக்கு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். இதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்தே வருவதால், முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு செத்துவிடும் ஆபத்தும் உண்டு.

மற்றொன்று, சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கை தொடங்கும் இடத்தில் பட்டாணிபோல் தட்டுப்படும் பைசிஃபார்ம். மணிக்கட்டைத் தளர்த்தி மடக்கி வைத்து, இரு விரல்களால் அதைப் பிடித்தால் இப்படியும் அப்படியும் அசைக்கலாம். அப்படிப் பிடித்தபடியே மணிக்கட்டை விறைக்கச் செய்தால், அதில் வந்து சேரும் தசைநாண் இழுத்துக்கொள்ள, எலும்பு அசையாமல் நின்றுவிடும்.