பணியில் உயிரிழந்த போலீஸ், தீயணைப்பு வீரர் குடும்பங்களுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கட்டணச் சலுகை: எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்காவில் போலீஸ்காரரோ தீயணைப்பு வீரரோ ஆம்புலன்ஸ் பணியாளரோ பணியின்போது இறந்துவிட்டால், அவருடைய பிள்ளைகளுக்கும் துணைவருக்கும் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை உண்டு. இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். ஆனால் அது ஒரே திட்டம் இல்லை. ஃபெடரல் அரசு தருவது தனி, மாநிலம் தருவது தனி, அறக்கட்டளைகள் தருவது தனி. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது தானாக வந்துவிடாது. எதை முதலில் செய்வது என்ற வரிசை தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதல் படி: அந்தக் கடிதம்

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இறந்தவர் பணியின் காரணமாகத்தான் இறந்தார் என்பதற்கு அதிகாரபூர்வமான ஒரு தாள் கையில் வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு அலுவலகமும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அமெரிக்க நீதித் துறையின் கீழ் பி.எஸ்.ஓ.பி. (பப்ளிக் சேஃப்டி ஆஃபீசர்ஸ் பெனிஃபிட்ஸ்) என்ற திட்டம் 1976 முதல் இருக்கிறது. பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தருவது இதன் வேலை. சம்பளம் வாங்காத தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கும் இது பொருந்தும். விண்ணப்பத்தைப் பொதுவாக இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அவர் வேலை பார்த்த துறையும் தன் பங்குக்கு ஒரு அறிக்கை தர வேண்டும் என்பதால், அங்கே யார் இதைக் கவனிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால், அந்த முடிவைச் சொல்லும் 'டிட்டர்மினேஷன் லெட்டர்' என்ற கடிதம் வரும். மாதக்கணக்கில் இழுக்கும், சில சமயம் ஓராண்டையும் தாண்டும்.

இங்கேதான் நிறையக் குடும்பங்கள் தாங்களாகவே ஒதுங்கிவிடுகின்றன. "துப்பாக்கிச் சூட்டில் சாகவில்லையே, தீயில் சாகவில்லையே, நமக்கு எப்படிக் கிடைக்கும்?" என்ற நினைப்பு. சட்டம் அவ்வளவு குறுகலாக இல்லை. வழக்கத்துக்கு மாறான, கடும் உடல் உழைப்போ மன அழுத்தமோ உள்ள பணியை முடித்து 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தாலும் பணி மரணமாகக் கருத 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பணியில் கண்ட கோரத்தின் அதிர்ச்சியிலிருந்து மீள முடியாமல் தற்கொலை செய்துகொண்டவரின் குடும்பமும் விண்ணப்பிக்கலாம் என்று 2022-இல் இன்னொரு சட்டம் வந்தது. எனவே தகுதி இல்லை என்பதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: ஃபாஃப்சா, அப்புறம் ஒரு போன்

ஃபாஃப்சா என்பது ஃபெடரல் கல்வி நிதி உதவிக்கான விண்ணப்பம். வருமானம் அதிகம், ஃபாஃப்சா போட்டு என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள். பணியில் இறந்த பாதுகாப்புப் பணியாளரின் பிள்ளைகளுக்கு, பெல் கிராண்ட் என்ற ஃபெடரல் கல்வி உதவித்தொகையில் தனி விதி உண்டு. கல்வியாண்டு தொடங்கும் முன் வரும் ஜனவரி 1 அன்று 33 வயதுக்குள் இருந்தால், குடும்ப நிதிக் கணக்கு எப்படி இருந்தாலும் முழுத் தொகையும் தரலாம் என்று 2024-25 முதல் விதி மாறியது. 2025-26-க்கான முழுத் தொகை 7,395 டாலர். இதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், ஃபாஃப்சாவை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் இது கணக்கில் ஏறாது. கல்லூரியின் ஃபைனான்சியல் ஏய்ட் (நிதி உதவி) அலுவலகத்துக்கு நீங்களே சொல்ல வேண்டும். "என் அப்பா பணியில் இறந்த தீயணைப்பு வீரர். சில்ட்ரன் ஆஃப் ஃபாலன் ஹீரோஸ் விதிப்படி பெல் கிராண்ட் வேண்டும். என்ன ஆவணம் அனுப்பட்டும்?" இப்படிக் கேட்டாலே போதும். பி.எஸ்.ஓ.பி. கடிதம் இன்னும் வரவில்லையா? இறந்தவருக்கு மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த மாநில அல்லது உள்ளாட்சி அதிகாரி எழுத்தில் உறுதி கொடுத்தாலும் ஏற்பார்கள்.

மூன்றாம் படி: மாத அளவில் கணக்கிடும் படிப்பு உதவி

பி.எஸ்.ஓ.பி.யிலேயே படிப்புக்கென்று தனி உதவி இருக்கிறது. இழப்பீடு கிடைத்த குடும்பத்துக்கும் இது தானாக வராது, தனி விண்ணப்பம். முழுநேரமாகப் படித்தால் அதிகபட்சம் 45 மாதங்களுக்குக் கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பொதுவாக 27-ஆம் பிறந்தநாள்வரைதான், துணைவருக்கு அந்த வயது வரம்பு இல்லை. அறை வாடகை, சாப்பாடு, புத்தகம் போன்ற செலவுகளுக்கும் இதைப் பயன்படுத்தலாம்.

நான்காம் படி: மாநிலம்

உண்மையான கட்டண விலக்கு பெரும்பாலும் இங்கேதான். மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும். டெக்சாஸில் அரசுக் கல்லூரிகள் கல்விக் கட்டணத்தை விலக்குவதோடு, வளாக விடுதியில் தங்கினால் தங்கும் செலவு, சாப்பாடு, பாடப் புத்தகங்கள் வரை பார்த்துக்கொள்கின்றன. இளநிலைப் பட்டம் அல்லது 200 கிரெடிட் மணி (படித்த பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு), எது முதலில் வருகிறதோ அதுவரை. ஃப்ளோரிடாவில் பிள்ளைகளுக்கு 25-ஆம் பிறந்தநாள்வரை. ஆனால் இறப்பு நடந்த 5 ஆண்டுகளுக்குள் துணைவர் படிக்கத் தொடங்கியாக வேண்டும். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு "எல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் தாய்க்கு இந்த ஒரு வரி முக்கியம்.

கலிபோர்னியாவில் ஆலன் பேட்டி என்ற பெயரில் கட்டண விலக்கு தனியாக, குடும்ப நிதி நிலையைப் பார்த்துத் தரும் எல்.ஈ.பி.டி. உதவித்தொகை தனியாக. நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு நினைவு ஸ்காலர்ஷிப்பை எச்.ஈ.எஸ்.சி. என்ற மாநில அமைப்பு கொடுக்கிறது.

பெரும்பாலும் இறந்தவர் பணிபுரிந்த மாநிலத்தின் சட்டம்தான் பொருந்தும், அதுவும் அந்த மாநில அரசுக் கல்லூரிகளில். பக்கத்து மாநிலக் கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதற்குமுன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பில்லை வரி வரியாகப் படிப்பது

விலக்கு கிடைத்த பிறகும் முதல் பில் வரும்போது ஒரு தொகை நிற்கும். பதற வேண்டாம், தப்பு நடந்திருக்கிறது என்றும் அர்த்தமில்லை. கல்விக் கட்டணம் என்ற வரியில் கழிவு ஏறியிருக்கும். அதற்குக் கீழே ஆய்வகக் கட்டணம், மாணவர் சேவைக் கட்டணம், ஹெல்த் இன்ஷூரன்ஸ், பார்க்கிங் என்று தனித்தனி வரிகள். இவற்றில் எது விலக்கில் அடங்கும் என்பதை மாநிலச் சட்டம்தான் சொல்லும். ஹெல்த் இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, வீட்டில் வேறு காப்பீடு இருந்தால் பல கல்லூரிகளில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து நீக்கிவிடலாம். அதற்கும் கடைசித் தேதி உண்டு.

இன்னொன்றும் கேளுங்கள்: பெல் கிராண்டை முதலில் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விலக்கா, அல்லது விலக்கு போக பெல் பணம் செலவுக்குக் கையில் வருமா? ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் வித்தியாசம் வரக்கூடிய கேள்வி இது. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மிச்சம் இருப்பவை

தனியார் உதவிகளும் உண்டு. போலீஸ் குடும்பங்களுக்கு கன்சர்ன்ஸ் ஆஃப் போலீஸ் சர்வைவர்ஸ், தீயணைப்பு வீரர் குடும்பங்களுக்கு நேஷனல் ஃபாலன் ஃபயர்ஃபைட்டர்ஸ் ஃபவுண்டேஷன். இரண்டும் ஸ்காலர்ஷிப் தருகின்றன.

கிடைத்ததைத் தக்கவைக்க ஒவ்வோர் ஆண்டும் ஃபாஃப்சாவைப் புதுப்பிக்க வேண்டும். டெக்சாஸ் போல முழுநேரப் படிப்பையே நிபந்தனையாக வைத்திருக்கும் இடங்களில், ஒரு பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று நடுவில் விட்டாலே கிரெடிட் குறைந்து விலக்கு போய்விடலாம். பாடத்தை விடும் பட்டனை அழுத்துவதற்குமுன் ஃபைனான்சியல் ஏய்ட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.