புழுவின் குடல் வேறு, தேனீயின் குடல் வேறு: தேனீ வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தை மாதம், களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவன் போனில் பதறினான். "அண்ணாச்சி, புழுவெல்லாம் வயித்தால போயி கெடக்கு. அடையத் தூக்கி எரிச்சிரட்டுமா?"

எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மூடியிருந்த புழு அறைகளில் நாலைந்தைக் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறான். அறையின் அடியில் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு பூச்சு. அதைப் பார்த்துத்தான் பயம். நோய் ஒன்றும் கிடையாது. அந்தப் புழு பிறந்ததிலிருந்து முதன்முறையாக வெளிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்டி வைக்கிற பலரும் முதலில் சறுக்கும் இடம் இது. தேனீப் புழுவின் குடல், பின்பக்கம் அடைபட்ட ஒரு பை. உடம்பின் பெரும்பகுதி அந்த நடுக்குடல்தான். ஐந்தாறு நாளில் ஆயிரம் மடங்குக்கு மேல் எடை ஏறும் அளவுக்குத் தின்கிறது. ஆனால் கழிவு வெளியேற வழியில்லை. நடுக்குடலுக்கும் பின்குடலுக்கும் இடையே திறப்பே இராது. இருந்தால் என்ன ஆகும்? புழு கிடப்பதும் தின்பதும் ஒரே அறையில். சோற்றுக்குள்ளேயே கழிக்க வேண்டிவரும். அதனால் எல்லாம் உள்ளேயே சேர்கிறது. வேலைக்காரத் தேனீக்கள் அறையை மெழுகால் மூடியபிறகு அந்த இடம் திறக்கிறது; சேர்த்துவைத்த மொத்தமும் அறையின் அடியில் போய்ச் சேர்கிறது. அப்போதே புழு பட்டு நூல் நூற்றுக் கூடு கட்டுவதால், கழிவு பட்டுக்கு அடியில் ஒட்டிக்கொள்கிறது. பழைய அடை கறுத்துப்போவது ஏன் என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது: பல தலைமுறைப் புழுக்களின் பட்டும் கழிவும் அடுக்கடுக்காக.

இதைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறேன் என்று உட்காராதீர்கள். மிகவும் கறுத்து, அறைகள் சிறுத்துப்போன அடையை வெட்டி எடுத்துவிடலாம். நம் அடுக்குத் தேனீ, அதாவது பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ, பழைய அடையைத் தானே கடித்து உதிர்க்கும் பழக்கமுள்ளது. அடிப்பலகையில் மெழுகுத் தூள் கிடந்தாலே மெழுகுப் பூச்சி வந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அடையில் நூலாம்படை போன்ற சுரங்கம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்த தவறு பேச்சில் இருக்கிறது. கூட்டுப்புழுவுக்குள் எல்லாம் கரைந்து கூழாகி, அதிலிருந்து புதிதாய்த் தேனீ முளைக்கிறது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது அப்படியில்லை. நரம்பு மண்டலம் கரைவதில்லை, மாற்றி அமைக்கப்படுகிறது. குடலில் நடப்பது வீட்டுச் சுவரை இடித்து அதே கடைக்காலில் மறுபடி கட்டுவது மாதிரி. நடுக்குடலின் பழைய செல்கள் உட்பக்கமாக உதிர்கின்றன. சுவரின் அடியில் அதுவரை சும்மா கிடந்த சின்னச் செல்கள் பெருகிப் புதுச்சுவராகின்றன. புழுவுக்கு இடுப்பு கிடையாது, தொண்டைக்குழாய் கட்டையாக இருந்தால் போதும். தேனீக்கு நெஞ்சையும் அந்தச் சிற்றிடுப்பையும் தாண்டி வயிற்றுக்குப் போகவேண்டும். ஆகவே குழாய் நூல்போல நீண்டு, வயிற்றுக்குள் போனபிறகு தேன்பையாக விரிகிறது. சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் மல்பீகிக் குழல்கள் புழுவில் நான்கே நான்கு. அவை அழிந்து, தேனீயில் ஏறக்குறைய நூறு புதிதாக வருகின்றன. (1669-இல் பட்டுப்புழுவை அறுத்துப் பார்த்து எழுதிய இத்தாலிய மருத்துவர் மல்பீகியின் பெயர் அது.)

இந்த வேலை நடக்கும் நாட்களில் கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை. அப்படியிருக்க, மூடிய அறையில் நோய் என்று சர்க்கரைப் பாகில் மருந்து கலந்து வைப்பதால் என்ன பயன்? மருந்து போய்ச் சேர்வது பெரிய தேனீயின் குடலுக்கு. அதிலும் டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் என்றால் கேடுதான். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தேனீக்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்தன. கூட்டில் திரும்ப விட்ட தேனீக்கள் அதிகமாகச் செத்தன. தேனிலும் மருந்தின் மிச்சம் தங்கும். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போன தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) என்ற புழு நோய் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வீண். அந்த நோயில் புழு கூட்டுப்புழுவாகவே மாறாது, நீட்டிக்கொண்டு கிடக்கும். இடுக்கியால் தூக்கினால் தண்ணீர்ப் பை போலத் தொங்கும். தம்பியின் அடையில் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

ஒரு பெட்டிக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கும்போது நடக்கும் தவறு எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் தேனீயின் குடலில் பாக்டீரியா அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். புழுவாக இருந்தபோது சேர்ந்தது பழைய சுவரோடும் கழிவோடும் போய்விட்டது. நான்கைந்து நாளுக்குள் அடையின் மேற்பரப்பிலிருந்தும், மூத்த தேனீக்களோடு பழகுவதிலிருந்தும், அவற்றின் கழிவிலிருந்தும் தனக்குரிய பாக்டீரியாக்களைப் பெறுகிறது. அதில் ஒன்றுக்கு, தேனீயின் உடலமைப்பை விரிவாக எழுதிய ஸ்னாட்கிராஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆகவே மூடிய புழு அடை இருக்கும் மரச்சட்டத்தை மட்டும் உருவி, பழைய தேனீக்களை உதறிவிட்டுப் புதுப்பெட்டியில் வைக்காதீர்கள். தேனீக்கள் மொய்த்திருக்கும்படியே சட்டத்தை மாற்றுங்கள். சூட்டுக்கும் அவை வேண்டும். புழு அறைக்கு 34, 35 டிகிரி தேவை. இன்னொன்று, பிறந்த முதல் சில நாட்கள் அந்தக் குட்டிகளுக்கு மகரந்தம் கட்டாயம். சுற்றித் தென்னை நின்றால் கவலையில்லை, மாதம் தவறாமல் பாளை வெடிக்கும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில், பூ இல்லாத ஒரு மழைக்காலத்தில், சீனியை விடக் கருப்பட்டி நல்லது என்று கரைத்து வைத்தேன். நமக்கு நல்லதுதான். தேனீயின் குடலுக்குச் செரிக்காத பொருட்கள் அதில் அதிகம். மழையில் வெளியே பறக்க முடியாமல் அடைபட்ட தேனீக்கள் வாசல் பலகையெல்லாம் கறையாக்கிவிட்டன. அதிலிருந்து வெள்ளைச் சீனியும் தண்ணீரும் சரிபாதி, அவ்வளவே. வெல்லமும் வேண்டாம்.

நாள் கணக்கிலும் ஏமாறவேண்டாம். முட்டையிலிருந்து 21 நாள் என்பது இத்தாலியத் தேனீயின் வேலைக்காரிக்கு. நம் அடுக்குத் தேனீ அதற்கு முன்பே வந்துவிடும், 18 முதல் 20 நாளில். எல்லாத் தேனீயும் கடைசியில்தான் கழிக்கும் என்றும் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். இலைவெட்டித் தேனீயின் புழு தின்றுகொண்டிருக்கும்போதே கழிக்க ஆரம்பித்துவிடும்.

தம்பி மறுவாரம் மறுபடியும் கூப்பிட்டான். "அண்ணாச்சி, மூடியில எல்லாம் ஓட்ட விழுந்திருக்கு." படம் அனுப்பச் சொன்னேன். கூம்பாகப் புடைத்த மூடி, ஒவ்வொன்றிலும் நட்ட நடுவே ஊசியால் குத்தினாற்போல ஒரே ஒரு துளை. ஆண் தேனீ அறைகள். அடுக்குத் தேனீயில் அது அப்படித்தான் இருக்கும். மூடி உள்வாங்கி, ஓட்டை கோணல்மாணலாகக் கிழிந்திருந்தால் கூப்பிடு என்றேன்.