லைட்டரைக் காட்டினால் போதாது: சீலிங், பேனல், ப்ளைவுட் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் பி.வி.சி. பேனலில்தான் சீலிங் அடிக்கிறார்கள். மேலே தகர ஷீட் என்றால் வெயிலுக்குப் பயந்து அடியில் தெர்மாகோலையும் ஒட்டிவிடுகிறார்கள். தீப்பிடிக்குமா என்று கேட்டால் கடைக்காரர் ஒரு துண்டில் லைட்டரைக் காட்டி எடுப்பார், உடனே அணைந்துவிடும், "பாருங்க, ஃபயர் ப்ரூஃப்" என்பார். அவர் காட்டியது உண்மைதான், பி.வி.சி.யில் குளோரின் இருப்பதால் சின்ன நெருப்பை எடுத்ததும் அணையும். ஆனால் அறையே எரியும்போது நெருப்பை யாரும் எடுக்கப் போவதில்லை. அப்போது அதே பேனல் கரும்புகையையும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் கக்கும். தீ விபத்துகளில் அதிகம் உயிரை வாங்குவது புகைதான்.

அதனால் "ஃபயர் ப்ரூஃபா?" என்று கேட்காதீர்கள். எந்தச் சோதனை, எந்த வகுப்பு என்று கேளுங்கள்.

பொருள் எரியவே எரியாது என்றால் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 3808 சோதனையில் தேறியிருக்க வேண்டும். 750 டிகிரி உலைக்குள் வைத்துப் பார்ப்பார்கள். அமெரிக்க முறையான ஏ.எஸ்.டி.எம். இ84-இல் சுமார் 7 மீட்டர் நீளச் சுரங்கத்தில் 10 நிமிடம் தீ எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளப்பார்கள். தீப்பரவல் எண் 25-க்குள், புகை எண் 450-க்குள் இருந்தால் ஏ வகுப்பு. ஐரோப்பிய முறையில் ஏ1-இலிருந்து எஃப் வரை தரம் உண்டு, கூடவே புகைக்கு எஸ்1, எஸ்2, எஸ்3, எரிந்து சொட்டுவதற்கு டி0, டி1, டி2. சீலிங்குக்கு வாங்கும்போது இந்தக் கடைசி எழுத்தை விடாதீர்கள், டி0 என்றால்தான் எரியும் துளி கீழே விழாது. கும்பகோணத்தில் 2004-இல் 94 குழந்தைகள் இறந்த தீயில் எரிந்த கீற்றுக் கூரை அவர்கள் மேலேயே விழுந்ததை மறக்க முடியுமா? தெர்மாகோலும் உருகி எரிந்து சொட்டுகிற பொருள்தான், ஷீட்டுக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்க ராக் வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) போடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. யு.எல். 94 வி-0 என்று ஒரு சான்றிதழை நீட்டினால் அது மின்சாதனங்களில் வரும் பிளாஸ்டிக்குக்காகச் சிறு துண்டில் செய்வது, சீலிங்குக்குச் செல்லாது.

ப்ளைவுட்டில்தான் குழப்பம் அதிகம். மெரைன் ப்ளை போட்டால் எல்லாம் தாங்கும் என்று ஆசாரி சொல்வார். மெரைனுக்கான ஐ.எஸ். 710, கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் பசை விடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, தண்ணீருக்கானது. தீக்கு வேண்டியது தீத்தடுப்பு ப்ளைவுட்டுக்கான ஐ.எஸ். 5509.

ஜிப்சம் போர்டு எனக்குப் பிடித்த பொருள். அதன் ஜிப்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு எடை, வேதியியலாகக் கட்டுண்ட தண்ணீர். அது ஆவியாகித் தீரும்வரை பின்பக்கம் சூடு அதிகம் ஏறாது.

கதவு விஷயம் தனி. "2 மணி நேரக் கதவு" என்பது எரியுமா எரியாதா என்பதல்ல, எத்தனை நிமிடம் தீயைத் தடுத்து நிற்கும் என்ற கணக்கு. உலையில் ஒரு மணி நேரத்துக்குள் 945 டிகிரி வரை ஏற்றுவார்கள். கதவு, நிலை, கீல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சோதிப்பார்கள், ஆகவே நல்ல கதவை வாங்கிச் சாதாரண நிலைச்சட்டத்தில் மாட்டினால் அந்த 2 மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

சரி, அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டார்கள், என்ன பார்ப்பது? என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா, தேதி என்ன, முக்கியமாக எந்தத் தடிமன். 12 மி.மீ.க்கு வாங்கிய அறிக்கையைக் காட்டி 6 மி.மீ. போர்டை விற்பார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதனருகே உள்ள சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் பி.ஐ.எஸ். அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள், யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்று அங்கேயே தெரியும். அப்புறம் அந்த ஐ.எஸ். எண்ணையும் தடிமனையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், தருமபுரியிலும் ஓசூரிலும் ப்ளைவுட் கடைக்குப் பஞ்சமில்லை.