டாட்சன் 240 இசட்: புதுப்பிக்க இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாட்சன் 240 இசட் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலை பேசப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் பானட்டைத் திறப்பார்கள். ஆறு சிலிண்டர் எல்24 இன்ஜின் சீராக ஓடினால் போதும், முடிவு அங்கேயே ஆகிவிடும். இருப்பதிலேயே செலவு வைக்கும் தவறு இதுதான். இரும்பு பிளாக் போட்ட அந்த இன்ஜின் லேசில் சாகாது. கெட்டாலும் பிரித்துச் சரிசெய்துவிடலாம். 1969-இல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வந்த இந்தக் காரைக் கொல்வது துரு. தகடு மெல்லியது. போதாததற்கு, பெரும்பாலான கார்கள் அமெரிக்காவுக்குப் போயின; அங்கே குளிர் மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள்.

அதனால் முதலில் தரையில் படுத்துப் பாருங்கள். பேட்டரி தட்டிலிருந்து அமிலம் வழிந்து அடியில் உள்ள தாங்கு சட்டத்தை அரித்திருக்கும். கதவுக்குக் கீழ்ப்பட்டி, பின்சக்கர வளைவு, டிக்கியின் தரை ஆகிய இடங்களில் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் உள்ளே இருப்பது தகடு அல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி (புட்டி). புது பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். எனக்கு அது சந்தேகத்தைத்தான் கூட்டும். டேஷ்போர்டில் உள்ள வண்டி அடையாள எண்ணும், ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) அடித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டிங்கர் வேலை. இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. கதவுத் திறப்பின் குறுக்கே கம்பி வெல்ட் செய்யாமல் தரையையும் கீழ்ப்பட்டியையும் ஒரே நேரத்தில் வெட்டினால் பாடி தொய்ந்துவிடும். பிறகு எத்தனை முறை கதவை மாட்டினாலும் இடைவெளி நேராகாது. வெட்டுவதற்கு முன்பே இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள். பானட், கூரை போன்ற அகலமான தகடுகளில் மணல் பீய்ச்ச விடாதீர்கள், தகடு நெளிந்துவிடும். அங்கே பெயின்ட் ரிமூவர்தான் சரி.

இன்ஜினில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஹெட் கேஸ்கட் மாற்றத்தானே என்று கேம் ஸ்ப்ராக்கெட்டை (டைமிங் செயின் ஓடும் மேல் பல்சக்கரம்) கழற்றுவார்கள். டைமிங் செயின் தளர்ந்ததும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பிஸ்டன் உள்ளே வெளியே துள்ளிவிடும். அதைத் திரும்ப உள்ளே தள்ள முன் கவர் முழுவதையும் பிரிக்க வேண்டும். ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். ஸ்ப்ராக்கெட்டைத் தொடுவதற்கு முன், செயினின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே மர ஆப்பு ஒன்றை இறுக்கமாக இறக்கி, அதில் கயிறு கட்டி மேலே விட்டுவிடுங்கள். கயிறு எதற்கென்றால், வேலை முடிந்ததும் ஆப்பை வெளியே எடுக்கத்தான்.

ஸ்க்ரூவிலும் கவனம் வேண்டும். கார்புரேட்டர் மூடியில் உள்ளவை ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரநிலை) ஸ்க்ரூக்கள். பார்க்க நம் வழக்கமான கூட்டல் குறித் தலை பிலிப்ஸ் ஸ்க்ரூ போலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் டிரைவரை வைத்துத் திருகினால் நழுவி, தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை.

வண்டி இழுக்கவில்லை என்றதும் பழி கார்புரேட்டர் மேல்தான் விழும். காரோடு வந்த ஹிட்டாச்சி எஸ்யூ கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று வெபர் கார்புரேட்டர் மாட்டுவார்கள். அதற்கு முன் வால்வ் இடைவெளியைப் பாருங்கள்: இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. அப்புறம் இக்னிஷன் பாயின்ட், இக்னிஷன் டைமிங். கார்புரேட்டருக்குக் கடைசியில் வாருங்கள். 1973 மாடலில் வந்த தட்டைத் தலை கார்புரேட்டர் மட்டும் உண்மையிலேயே தொல்லை. அதற்குப் பதில் 1970–72 கார்களின் உருண்டைத் தலை ஜோடியைப் போடுவது நல்ல மாற்றம். எதை மாற்றினாலும் கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். பின்னாளில் காரின் மதிப்பு அதிலும் இருக்கிறது.

ரப்பரைக் கடைசிக்குத் தள்ளுவதும் தவறு. டிக்கி கதவின் சீல் காய்ந்துபோனால், ஓடும்போது எக்ஸாஸ்ட் புகை காருக்குள் உறிஞ்சப்படும். பின்பக்க உள்பேனலுக்குப் பின்னால் பெட்ரோல் டேங்கின் ஆவிக் குழாய்கள் ஒளிந்திருக்கின்றன. காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும் என்பதால், வாங்கும் குழாய் அதைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.