டர்பனுக்கு கிரைண்டர் கொண்டுவருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டுக்கு எலக்ட்ரிகல் வேலைக்குப் போனால், வந்த புதிதில் நான் செய்த அதே தப்பைத்தான் அவர்களும் செய்து வைத்திருக்கிறார்கள்: எர்த் இல்லாத அடாப்டரில் கிரைண்டரை ஓட்டுவது. அடாப்டர் எடுத்துவர மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அது இங்கே கடையில் கிடைக்கும்.

கன்வெர்ட்டர்

வோல்டேஜ் மாற்றும் கன்வெர்ட்டர் வாங்காதீர்கள். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் சாமானை மட்டும் வெறும் அடாப்டரில் போடாதீர்கள், கருகிவிடும்.

எர்த் இல்லாத அடாப்டர்

இங்கே சுவரில் பெரும்பாலும் இருப்பது மூன்று தடித்த உருண்டைப் பின் நுழையும் பாயிண்ட். நம் ஊர் கீசரின் பெரிய பிளக் அதில் நேராகப் பொருந்தும். மிக்ஸி, கிரைண்டரின் 6 ஆம்ப் பிளக் பொருந்தாது. உடனே பெட்டியிலிருந்து யுனிவர்சல் அடாப்டர் வெளியே வரும்.

அந்த அடாப்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே எர்த் பின் நுழைய ஓட்டை இருக்கும். பலவற்றில் அதற்குள்ளே தகடே இருக்காது, அதாவது கசியும் கரண்ட் தரைக்குப் போக வழி இருக்காது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தபோது, எங்கள் டேபிள் டாப் கிரைண்டருக்கு உள்ளூர் பிளக் மாட்டி ஓட்டினேன். சுவிட்சைத் தட்டியதும் டிபி போர்டில் (மெயின் சுவிட்ச் பெட்டியில்) எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், விழுந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி விழுந்தது. பழைய பிளக்கையே திரும்ப மாட்டி, யுனிவர்சல் அடாப்டரில் சொருகினேன். ஓடியது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மோட்டாரில் இருந்த கசிவு எர்த்துக்குப் போக வழியில்லாமல் டிரம்மில் நிற்கிறது என்பது, ஊரில் ஐடிஐ முடித்த எனக்கே உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் உளுந்து ஆட்டும்போது, ஈரக்கையால் மாவைத் தள்ளிவிட்ட என் மனைவியை ஷாக் தூக்கிப்போட்டது. அதே நொடி எர்த் லீக்கேஜ் விழுந்ததால் பிழைத்தாள். 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே துண்டிக்கிற சாதனம் அது.

போன வாரம் ஒரு தம்பி வீட்டிலும் இதே கதை. "அண்ணே, 150 வாட்ஸ்தானே, என்ன ஆகிடப் போகுது?" என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. 150 வாட்ஸுக்கு ஒரு ஆம்ப் கூட ஓடாது, உண்மைதான். உயிரை எடுக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

எர்த் லீக்கேஜ் விழுந்தால் கிரைண்டரை ஓரமாக வைத்துவிட்டு மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுது நீங்கிய பிறகு, ஊர் பிளக்கை வெட்டிவிட்டு உள்ளூர் மூன்று பின் பிளக்கை மாட்டுங்கள். பிரவுன் லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய ஒயரில் அதே வரிசையில் சிவப்பு, கறுப்பு, பச்சை. எர்த் ஒயரைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், இழுபட்டால் அது கடைசியாகக் கழன்றால் போதும்.

கெட்டில்

2000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்ப். 6 ஆம்ப் என்று போட்ட அடாப்டர் உருகலாம்.

லோட் ஷெட்டிங்

கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறலாம்.

பவர் பேங்க்

விமானத்தில் கைப்பையில் மட்டும்.